பொழுது போயிடுச்சு டீச்சர்

பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கச் சொல்லி, புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உத்தரவு வந்திருக்கும். வரவில்லையென்றால் வரும். தப்பிக்க வழி உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். ஓய்வு பெறும்வரை எனக்கே அது பிடிபடவில்லை. பாடம் எப்படி நடத்துவது என்றும் சொல்லப்போவதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று உங்கள் முகங்களிலேயே எழுதியிருக்கிறது. ஒரு பெண்ணின் படிப்பை நாங்கள் முடித்துவைக்க இருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு விழுப்புரத்தில். பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். ரயில் தாமதமானால் வீட்டில் திட்டு, சீக்கிரம் கிளம்பினால் பள்ளியில் திட்டு. இரண்டையும் சமமாக வாங்கிக்கொண்டு வேலை பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மயிலம், கிளியனூர், செஞ்சி சாலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. டியூஷன் என்ற சொல்லை அவர்கள் டவுன் பிள்ளைகளின் வாயில் கேட்டதோடு சரி. அதனால் தலைமையாசிரியை ஆடி மாதமே ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்துவிட்டார். பள்ளி முடிந்ததும் தொடங்கி ஏழு மணிக்கு விடுவோம். கிராமத்துக்குக் கடைசி பஸ் அதற்குப் பிறகுதான்.

தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். கோபக்காரர். ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கும். பள்ளியில் சேர்ந்த முதல் நாளே, காலைப் பிரார்த்தனையில் அத்தனை பிள்ளைகள் பார்க்க, ஆயா கன்னியம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் மொண்டு தரச் சொல்லிக் குடித்தார். காலனியிலிருந்து வந்த ஒருத்தி பானையைத் தொடலாமா என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த சிலரின் வாய் அன்றோடு அடைத்துப்போயிற்று. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் எத்தனை திட்டு வாங்கினாலும் எனக்கு வலித்ததில்லை.

மத்தியானச் சோற்றோடு ஏழு மணி வரை உட்காரும் பிள்ளைகளுக்கு மூளை எங்கே வேலை செய்யும்? டீச்சர்கள் நாங்களே முறை வைத்து, அந்தப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ காராமணியோ வாங்கிவருவோம். கன்னியம்மா வேகவைத்து, சரியாக ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு கை இலையில் வைத்துத் தருவாள். அந்த வாசனை வந்ததும் பைதாகரஸ் தேற்றம் தானாகவே நின்றுவிடும்.

விமலா அந்த வகுப்பில் இருந்தாள். செஞ்சி சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்கவேண்டிய ஒரு ஊர். அப்பாவுக்குச் சொந்த நிலம். மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவர். நயினார் வீடு, அதாவது அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். அவர்கள் சைவம் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கணக்கும் இங்கிலீஷும் அவளுக்குத் தகராறு. ஆனால் விடாப்பிடிக்காரி. போட்ட கணக்குத் தப்பென்றால் அழிக்க மாட்டாள். பக்கத்திலேயே திரும்பப் போடுவாள். அவள் ஊரில் அவளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் பத்தாவது எழுதியதில்லை.

ஆடி, ஆவணியில் அவள் கன்னியம்மாவிடம் இரண்டு தடவை கை நீட்டுவாள். "இன்னொரு கை ஆயா" என்பாள். நான் கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். "ஏண்டி, வயித்துக்குள்ள ஆனை கட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தின்பாள்.

தீபாவளிக்குப் பிறகு அது நின்றுபோனது. ஆயா இலையை நீட்டினால், "வாணாம், பொழுது போயிடுச்சு" என்பாள். நான் சொன்னாலும் அதே பதில்தான்.

"பொழுது போயிடுச்சு டீச்சர்."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்குது. உக்காந்து சாப்பிடு."

இப்படிச் சில நாள். பிறகு அவள் மறுப்பதை விட்டுவிட்டாள். இலையை வாங்கி, அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். தம்பி தங்கைக்கு எடுத்துப்போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் கன்னியம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"அந்த நயினாரு வூட்டுப் பொண்ணு மல்லாட்டைய இன்னா பண்ணுது தெரியுமா டீச்சர்? பஸ் ஸ்டாப்புல ஆட்டுக்குக் கொட்டுது. அதுவும் யாரு ஆடு? என் ஆடு. என் கையால குடுத்தத என் ஆட்டுக்கே போட்டுட்டு பஸ் ஏறுது."

சிரிப்பு பாதியிலேயே தேய்ந்துவிட்டது. "நான் தொட்டது அதுக்கு எறங்கல போலக்குது. சொல்லியிருந்தா நான் ஒதுங்கிக்கினு இருப்பேனே டீச்சர். ஆட்டுக்குப் போடணுமா?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

பெரிய டீச்சர் காதுக்கு இது போக எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கே எங்களைக் கூப்பிட்டார். தமிழ் டீச்சர் விமலாவுக்குப் பரிந்து பேசினார். சமண இலக்கியமெல்லாம் கரைத்துக் குடித்தவர். "அவங்க மண்ணுக்கு அடியில விளையறத சாப்பிட மாட்டாங்க மேடம். அதனால இருக்கும்" என்றார்.

"தினமும் அவ டிபன் பாக்ஸுல மல்லாட்டைத் துவையல் இருக்குது. நானே பார்த்திருக்கேன்" என்றார் பெரிய டீச்சர்.

"வீட்டுல அரைச்சா இனிக்குது, கன்னியம்மா வேகவெச்சா கசக்குதா? என் பள்ளிக்கூடத்துல இதுக்கு இடமில்ல. அவங்கப்பாவை வரச்சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டா பார்ப்போம். இல்லன்னா டி.சி.யை வாங்கிக்கினு போகட்டும்."

கார்த்திகை மாதத்தில், பத்தாவது படிக்கும்போது டி.சி. என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பரீட்சைக்கு இன்னும் சில மாதமே இருக்கிறது. வேறு பள்ளியில் யார் சேர்ப்பார்கள்? பையன் என்றால் டுடோரியல் அது இதென்று ஏதாவது பார்ப்பார்கள். கிராமத்துப் பெண் என்றால் நேராக வீடு, அடுத்தது கல்யாணம். இது எனக்கும் தெரியும், பெரிய டீச்சருக்கும் தெரியும். ஆனால் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு, பாவம் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நடந்தது அவமானம் இல்லையா? எனக்கும் விமலாவின் மேல் ஆத்திரம்தான்.

அவள் அப்பா சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மூட்டம் போட்டிருந்த நாள். நான் பெரிய டீச்சர் அறையில் மார்க் சம்பந்தமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அறை இருட்டிக்கொண்டு வந்தது. கன்னியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பொழுது போயிடுச்சு மேடம். லைட்டு போட்டுடட்டுமா?"

அவள் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொழுது போயிடுச்சு. நேரமாகிவிட்டது என்று கன்னியம்மா சொல்லவில்லை. சூரியன் போய்விட்டது என்று சொன்னாள். இத்தனை நாளாக அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாளோ? ஆடி மாதத்தில் ஆறு மணிக்கு வெயில் முற்றத்தில் நிற்கும். லைட் போடாமல்தான் மல்லாட்டை தின்றார்கள். கார்த்திகையில் அதே ஆறு மணிக்கு லைட் போட்டால்தான் இலை தெரிகிறது. ஆயாவின் கை ஆடியிலும் அதே கைதான். தீண்டாமை என்றால் அது ஆடியிலேயே இருந்திருக்க வேண்டுமே, தீபாவளிக்குப் பிறகு எங்கிருந்து வரும்?

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனேன். விமலாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"பொழுது போனப்புறம் நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா டீச்சர். வெளக்கு வெச்சப்புறம் எங்க வூட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க. பூச்சி, புழு விழுந்து செத்துப்போயிடுமில்ல. நான் சொன்னேனே டீச்சர், நீங்க பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னீங்க."

சொன்னாள்தான். நான்தான் பஸ்ஸைச் சொன்னேன்.

"அப்போ ராத்திரிக்கு?"

கொஞ்சம் அதட்டியதும்தான் பதில் வந்தது. வீட்டில், பள்ளிக்கூடத்திலேயே பொழுதோடு சாப்பாடு போட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஆடியில் அது ஏறக்குறைய உண்மை. அந்த இரண்டு கை மல்லாட்டைதான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு. நான் ஆனை, குதிரை என்று கிண்டல் செய்தேனே, அது. தீபாவளிக்குப் பிறகு மத்தியானச் சோற்றுக்கும் மறுநாள் காலைச் சோற்றுக்கும் நடுவில் அவள் வயிற்றில் ஒன்றுமே போகவில்லை.

"எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். தெரிஞ்சா பள்ளிக்கூடத்தவிட்டு நிறுத்திடுவாங்க. ஆட்டுக்குப் போட்டது தப்புதான். கீழ கொட்ட மனசு வரல. ஆயா ஆடுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் உள்ளே வந்துவிட்டார். இவள் முகம் போன போக்கிலிருந்து அப்பாதான் என்று தெரிந்தது. நான் சொல்லாவிட்டால் பெரிய டீச்சர் டி.சி. கொடுப்பார், சொன்னால் அப்பா நிறுத்திவிடுவார். யோசிப்பதற்கு எனக்கிருந்த அவகாசம், வராந்தாவின் இந்த முனையிலிருந்து அறைவாசல் வரைக்கும்தான்.

நான் உள்ளே போனபோது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய டீச்சர் பேச்சை ஆரம்பிக்கவில்லை. முதலில் ஒரு பரீட்சை வைத்தார். கன்னியம்மா ஒரு தட்டில் காபியோடு வந்தாள். பெரிய டீச்சர் சொல்லித்தான் வந்திருக்கிறாள்.

"முதல்ல காபி சாப்பிடுங்க" என்றார் பெரிய டீச்சர்.

விமலாவின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "வாணாங்கம்மா. பொழுது போயிடுச்சு."

கன்னியம்மா தரையைப் பார்த்தாள். பெரிய டீச்சரின் முகம் சிவந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள், எனக்கும் சொல்லித்தந்தார்கள். அன்றைக்கு நான் குறுக்கே பேசினேன்.

"ஐயா, இதே காபிய இந்த அம்மா காலைல குடுத்தா குடிப்பீங்களா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. என்னையும் கன்னியம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். "காலைல யாரு குடுத்தாலும் குடிப்பேங்க. கேப்பைக் கூழு குடுத்தா ரெண்டு சொம்பு குடிப்பேன். பொழுது எறங்கினப்புறம் தண்ணிகூடக் குடிக்கறதில்லைங்க. எங்க தாத்தன் பூட்டன் காலத்துலருந்து பழக்கம்."

பெரிய டீச்சரின் கை இழுப்பறையிலேயே நின்றுவிட்டது. கோபக்காரர்தான், ஆனால் படு கெட்டிக்காரர். ஆறு மணி, தீபாவளி, லைட், ஆடு, எல்லாம் அவருக்குள் ஒவ்வொன்றாக ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கன்னியம்மாவுக்கும் ஓடியிருக்க வேண்டும். காபித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பாதிதான் முடிந்திருந்தது. பெண் பட்டினி கிடந்ததைச் சொல்லாமல் மீதியைச் சொல்லவேண்டும். "பெரிய டீச்சர் ஸ்பெஷல் கிளாஸ காலைல மாத்தலாம்னு இருக்காங்க. முதல் பஸ்ஸுல அனுப்புவீங்களான்னு கேக்கத்தான் வரச்சொன்னோம்" என்றேன். பச்சைப் பொய். அப்படி ஒரு யோசனை அந்த அறையில் யாருக்கும் இருந்ததில்லை. பெரிய டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமா. காலைல வெச்சுட்டா பொழுதோட வீட்டுக்கு வந்துடுவா" என்றார், வருஷக்கணக்காக அதைத் திட்டம் போட்டவர் மாதிரி.

விமலாவின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"நான் டி.சி. வாங்கிக்கினு போலாம்னுதாம்மா வந்தேன்" என்றார்.

பெரிய டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல சோறு போட்டாங்கன்னு பாப்பா சொல்லுது. ராத்திரியில வயித்தப் புடிச்சிக்கினு பொரண்டு பொரண்டு படுக்குது. பெத்தவங்களுக்குத் தெரியாதுங்களா? அதோட அம்மா தினம் அழுவுது. கேட்டா, பசியில்ல, நான் சாப்டேன்னு சாதிக்குது. படிக்கணும்னு பொய் சொல்லுது, அத எப்பிடி அடிக்கறது? இந்தப் படிப்பே வாணாம், கொழந்தை நல்லா இருந்தாப் போதும்னு கேட்டு வாங்கிக்கினு போலாம்னு வந்தேன். நீங்களே ஆள் அனுப்பினீங்க, சரி, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

பெரிய டீச்சர் இழுப்பறையை மெல்ல மூடினார். ஒரே நாளில், ஒரே அறையில், அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுக்க ஒருவரும் வாங்க ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால், இருவரும் சந்தோஷமாகவே பிரிந்திருப்பார்கள். இப்போது நினைத்தாலும் நல்லவேளை என்று மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

"காலைல வெச்சா அனுப்புவீங்களா?" என்று பெரிய டீச்சர் திரும்பக் கேட்டார்.

"காலைல வெச்சா எனக்கு இன்னாம்மா கஷ்டம்? நானே வந்து பஸ் ஏத்திவுட்டுட்டுக் கழனிக்குப் போறேன்."

அவர் போனதும் பெரிய டீச்சர் கன்னியம்மாவை உட்காரச் சொல்லி, அந்தக் காபியை அவளைக் குடிக்கவைத்தார். "நான் வேற உன்கிட்டத் தட்டக் குடுத்து நிக்க வெச்சிட்டேன்" என்றார். "வுடுங்க மேடம், நான் தொட்டதால இல்லன்னு தெரிஞ்சிச்சே, அது போதும்" என்றாள் கன்னியம்மா. தமிழ் டீச்சரைத்தான் பிறகு நாங்கள் பல நாள் சும்மா விடவில்லை. சமணர் நோன்புகளில் ஒன்று இரவில் உண்ணாமை என்று போர்டில் எழுதிப்போட்டுப் பாடமே நடத்தியிருக்கிறார், அந்தப் பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு.

காலை வகுப்பு என்றதும் டீச்சர்கள் நாங்கள்தான் முனகினோம். நான் விழுப்புரத்தில் விடியுமுன் எழுந்து, பாதித் தூக்கத்தில் ரயிலேறி, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து மானத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் நாங்கள் நினைக்காதது ஒன்று நடந்தது. தலைவலி, வயிற்றுவலி, பாட்டி செத்துப்போனாள் என்று சாயங்கால வகுப்புக்கு டிமிக்கி கொடுத்த பிள்ளைகளெல்லாம் காலையில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார்கள். கேட்ட பிறகுதான் தெரிந்தது. கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் நடக்கப் பயம். அதைச் சொன்னால் நின்றுகொள் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று இன்னொரு பயம். ஒருத்திக்காக மாற்றுகிறோம் என்றுதான் நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

விமலாவின் அப்பா ஒருநாள் காலையில் மல்லாட்டை மூட்டையோடு வந்தார். கன்னியம்மா கொடுத்த காபியை வாங்கி, நின்றபடியே குடித்து, டம்ளரைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போனார். பெரிய டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விமலா பத்தாவது பாஸ் செய்தாள். கணக்கில் மயிரிழைதான், ஆனாலும் என் மானத்தைக் காப்பாற்றினாள்.

ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால் ஏன் என்று கேட்பீர்கள். அது வாயைத் திறக்காது. எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கேட்காவிட்டாலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

காலை வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் கன்னியம்மா மல்லாட்டை கொண்டுவந்தாள். வெயில் ஜன்னல் வழியாக பெஞ்சு மேல் விழுந்திருந்தது. விமலாவின் இலையில் ஒரு கை வைத்துவிட்டு, கேட்காமலே இரண்டாவது கையையும் அள்ளினாள். விமலா வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டே இலையை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

"போதும் ஆயா" என்றாள்.